மேடம் பக்கத்தில் உட்கார்ந்தால்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். டிப்ளமோ இரண்டாம் வருஷத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். பரீட்சையே எழுதாதவன் இதை மட்டும் எதற்கு எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். நேற்று உறையூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். காலையில் அவருடைய வெப்சைட்டில் லாகின் ஆகவில்லை என்று ஆரம்பித்தார். "இருங்க சார், நான் பாத்துக்கிறேன்" என்று வழக்கம்போலக் குறுக்கே புகுந்தேன்.

"வேண்டாம் தம்பி, ஆயிடுச்சு. உதவிப் பக்கத்துல தெளிவா போட்டிருக்கே, அதைப் பாத்து நானே பண்ணிட்டேன். நீங்க அதைப் படிச்சதில்லையா?" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த உதவிப் பக்கத்தை எழுதிய மேடம் எங்கள் ஆபீஸை விட்டுப் போய் வருஷக்கணக்கில் ஆகிறது. போன பிறகும் என்னைக் கேள்வி கேட்க ஆள் அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அந்த எரிச்சலில்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸ் கே.கே. நகரில், ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில். மிளகாய் அரைக்கும் நேரத்தில் எல்லாரும் தும்முவோம். ஒன்றும் தெரியாதவர்கள்கூடச் சொந்தமாக வெப்சைட் நடத்துவதற்கு ஒரு சாப்ட்வேர் செய்து விற்கிறோம். கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், குடியிருப்போர் சங்கம், ஊர்ச் செய்தி போடுகிறவர்கள் எல்லாரும் எங்கள் கஸ்டமர்கள். சாப்ட்வேரை எழுதியவன் ரியாஸ், என் கூட்டாளி. துவாக்குடியிலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவான். அவன் எழுதியது ஓடாதபோது போனில் திட்டு வாங்குவது என் வேலை.

என் முறை ரொம்பச் சுலபம். யார் கூப்பிட்டாலும், "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்பேன். சொல்வார்கள். நானே அவர்கள் அக்கவுண்டுக்குள் போய், வேண்டியதைச் செய்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அவர்களுக்கும் சந்தோஷம், எனக்கும் டீ குடிக்க நேரம் கிடைக்கும். இந்த நல்ல வாழ்க்கைக்கு நடுவில்தான் ஓனர் மேடத்தைக் கொண்டுவந்து விட்டார். லாகின் பண்ணுவது எப்படி, புது ஆளைச் சேர்ப்பது எப்படி, பாஸ்வேர்டு மறந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் தமிழில் எழுதிவைக்க வேண்டும். எழுதிவிட்டால் போன் குறையும் என்பது ஓனரின் கணக்கு.

மேடம் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார். ஐம்பதை ஒட்டிய வயசு. அதற்கு முன் ஒரு மிக்சி கம்பெனியில் இருந்தாராம். மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு தாள் இருக்குமே, நாமெல்லாம் படிக்காமல் தூக்கிப் போடுவோமே, அதை எழுதியவர்.

"நீங்கதானா மேடம் அது? எங்க வீட்டு அலமாரியில விரிச்சிருக்கோம்" என்றேன் முதல் நாளே.

கோபப்படுவார் என்று பார்த்தால், "எழுத்து மேல தெரியற மாதிரி விரிச்சிருக்கீங்களாப்பா?" என்று கேட்டார். ரியாஸ் மானிட்டருக்குப் பின்னால் குனிந்து சிரித்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வரி எழுதுவதற்கு முன், அதை யாராவது செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். பார்க்கும்போது உதவி செய்ய மாட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொள்வார். "வெளியில இருந்தா கை அது பாட்டுக்கு நீண்டு காட்டிடும்ப்பா" என்பார். விரல் வலிக்கக் கூடாது என்று ஒரு சின்னப் பஞ்சு மெத்தையைப் பையில் தூக்கிக்கொண்டே அலைவார். அந்த மெத்தை வெளியே வந்தாலே நான் மணி பார்க்க ஆரம்பித்துவிடுவேன்.

"லாகின் பண்றதுக்கு என்ன மேடம் இவ்வளவு ஆராய்ச்சி? பேரு, பாஸ்வேர்டு, ஓடிபி. எல்லாருக்கும் தெரியும்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"நீ பக்கத்துல உக்காந்து பார்த்தியா?"

"தினமும் போன்ல பேசுறேனே மேடம்."

"போன்ல நீ பேசுறே. அவங்க என்ன பண்றாங்கன்னு பார்த்தியா?"

இதுதான் அவருடைய கேள்வி. டீக்கடையில் பஜ்ஜி தீர்ந்துவிட்டது என்று சொன்னால்கூட இதையே கேட்பார்.

முதலில் கே.கே. நகரிலேயே ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். ரிட்டயர் ஆன மனிதர். சங்கத்தின் வெப்சைட்டில் தண்ணி லாரி வரும் நேரத்தைப் போட வேண்டும். பேர் போட வேண்டிய கட்டத்தில் பாஸ்வேர்டைப் போட்டார். பாஸ்வேர்டு போட வேண்டிய இடத்தில் வீட்டு நம்பரைப் போட்டார். தப்பு என்று சிவப்பு எழுத்து வந்தது. மறுபடியும் அதையே போட்டார். நான் வாயைத் திறந்தால் மேடம் என் காலை மிதித்தார். கைதான் உள்ளே இருக்கிறது, கால் வெளியில்தானே இருக்கிறது!

"இப்ப என்னம்மா அமுக்கணும்?" என்று கேட்டார் அவர்.

"நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"

"நான் நினைக்கிறது இருக்கட்டும். உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சு வெச்சுக்கிட்டா உக்காந்திருக்கீங்க?"

பிறகு எங்களுக்குக் காபி வரவில்லை. மேடத்துக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. படி இறங்கும்போது, "அந்த ரெண்டு கட்டமும் ஒரே மாதிரி இருக்கு பாரு. ரியாஸ்கிட்டச் சொல்லணும்" என்றார். ரியாஸ் மாற்றினான், பல்லைக் கடித்துக்கொண்டு.

இன்னொரு நாள் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் ஆள் இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு ஏடிஎம் வாசலில் கூட்டம், சத்தம். உள்ளே ஒரு பெரியவர் மெஷினோடு போராடிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, எங்கள் மேடம் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். செக்யூரிட்டி கத்துகிறார்.

"ஏம்மா, அவர் நம்பரைப் பாக்குறீங்களா? பாத்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க!"

"நம்பரைப் பாக்கலைங்க. அவர் எந்த இடத்துல நின்னு போறாருன்னு பாக்குறேன்."

இதைக் கேட்டதும் செக்யூரிட்டிக்குச் சந்தேகம் ரெண்டு மடங்கானது. நான் உள்ளே புகுந்து, "எங்க மேடம்தாண்ணே, கம்ப்யூட்டர் கம்பெனி, கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்க" என்று சொல்லி இழுத்துக்கொண்டு வந்தேன். அவமானம் தாங்கவில்லை. மேடம் என்னைத் திட்டினார். "இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ப்பா" என்றார். போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும், வேறென்ன.

இப்படியே ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டு வந்தவர், ஒரு வரியில் வந்து நின்றுவிட்டார். "உங்கள் போனுக்கு ஒரு எண் வரும். அதை இங்கே இடவும்." இவ்வளவுதான். ரியாஸ் ஸ்கிரீனிலேயே அப்படித்தான் போட்டு வைத்திருந்தான். அதை அப்படியே எடுத்து எழுத வேண்டியதுதானே? மாட்டேன் என்றார்.

காரணம், அந்த வாரம் பார்த்த வீடுகள். ஸ்ரீரங்கத்தில் ஆரி ஒர்க் கிளாஸ் நடத்தும் ஓர் அம்மா. கிளாஸ் படங்களை வெப்சைட்டில் போடுவது அவர். ஆனால் எண் போவது பையனின் போனுக்கு. பையன் காலேஜில். "அவன் வெளிய வந்து போனை எடுத்தாத்தாங்க" என்று அந்த அம்மா சிரித்தார். அவன் எடுப்பதற்குள் அந்த எண் காலாவதி. மறுபடி அனுப்பினால், மறுபடி அவன் எடுக்க வேண்டும். மேடம் அவ்வளவு நேரமும் மெத்தையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் மரத்துப்போனது. அடுத்து ஒரு டியூஷன் டீச்சர். எண் அவர் வீட்டுக்காரருக்குப் போகும். அவர் லாரி ஓட்டுகிறவர், டவர் இல்லாத இடத்தில் இருந்தார். மூன்றாவது வீட்டில் மாமனார் போனுக்கு. அவர் போனை மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எல்லா வீட்டிலும் ஒரே கதை. முதல்முதலாக அக்கவுண்ட் தொடங்கும்போது வீட்டு ஆம்பிளை நம்பரைக் கொடுப்பது பழக்கம். யாரும் அதை யோசித்துக்கூடக் கொடுத்ததில்லை.

"உங்க போனுக்குன்னு எப்படிப்பா எழுதறது?" என்றார் மேடம். "நான் பார்த்த எந்த வீட்லயும் அவங்க போனுக்கு வரலையே."

"மேடம், போன் அடிச்சுக் கேட்டா சொல்லப்போறாங்க. இதுக்காக லாகின் பக்கத்தையே நிறுத்தி வெச்சா எப்படி? எனக்குத் தொண்டை போகுது."

"கேட்டா சொல்லலைன்னா?"

"புருஷன் சொல்ல மாட்டானா மேடம்?"

பதில் தொட்டியத்திலிருந்து வந்தது.

தொட்டியத்தில் ஓர் அக்கா ஊர்ச் செய்தி வெப்சைட் நடத்தினார். இன்றைக்கு வாழைத்தார் என்ன விலை, எந்த பஸ் நின்றுபோனது, ஆற்றில் எப்போது தண்ணி திறக்கிறார்கள், யார் வீட்டில் காரியம், எல்லாம் அதில் இருக்கும். தார் வெட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வெட்டுவார்கள். அத்தனையும் அந்த அக்கா தன் செல்போனில் எழுதியது. ஆனால் அக்கவுண்ட் வீட்டுக்காரர் நம்பரில் இருந்ததால், ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் அவர் பேர்தான் வரும். அவர் இருப்பது சிங்கப்பூரில்; லாகின் எண் வரும்போதெல்லாம் அங்கிருந்து போனில் சொல்வார். "அங்க இருந்துக்கிட்டே ஆத்துல தண்ணி வந்ததைக்கூட எழுதிடுறாரு பாரு" என்று ஊரில் அவரைப் புகழ்வார்களாம்.

ஒரு நாள் அந்த அக்கா போன் செய்தார். "தம்பி, நான் எழுதுன பக்கம் எனக்கே திறக்கலை."

நடந்தது இதுதான். வாழை மண்டியில் கழிவு என்ற பேரில் தாரைக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். மண்டி வைத்திருப்பவர் வீட்டுக்காரரின் அண்ணன். சிங்கப்பூருக்குப் போன் பறந்தது. வீட்டுக்காரர் தன் நம்பருக்கு வந்த எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்து, அந்தச் செய்தியை நீக்கிவிட்டு, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார். அக்கா பல வருஷமாக எழுதியது எல்லாம் உள்ளே. அக்கா வெளியே.

நான் ஓனரிடம் போனேன். "சார், பின்பக்கமாப் போயி அந்தக்கா நம்பரைப் போட்டு விட்டுடவா? ஒரு நிமிஷ வேலை."

"தொடாதே. இது புருஷன் பொண்டாட்டி விஷயம். அக்கவுண்ட் யாரு நம்பர்ல இருக்கோ அவங்களுதுதான்" என்றார் ஓனர்.

மேடம் மெத்தையைப் பையில் வைத்தார். மறுநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னையும் இழுத்துக்கொண்டு தொட்டியம் பஸ் ஏறினார்.

அந்த வீட்டுக் கூடத்தில் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அக்கா போனை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். மேடம் மெத்தையைப் போட்டு, கைகளை உள்ளே வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை அமுக்கினார். எண் சிங்கப்பூருக்குப் போனது. நான் பொறுக்க முடியாமல் என் முறையை எடுத்துவிட்டேன். அங்கேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, குரலை மாற்றி, "சார், கம்பெனியில இருந்து பேசுறோம். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்றேன்.

"அவ பக்கத்துல இருக்காளா?" என்றார் அவர். கட் பண்ணிவிட்டார்.

"இன்னொரு தடவை அமுக்குங்க" என்றார் மேடம், அக்காவைப் பார்த்து.

அக்கா அமுக்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, வேடிக்கை பாக்கவா அவ்வளவு தூரத்துல இருந்து வந்தீங்க? எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் கதவைச் சாத்திட்டாரு. நீங்க வந்து, எப்படிச் சாத்தியிருக்குன்னு பாக்குறீங்க."

மேடம் கையை எடுக்கவில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தை? இல்லை. "வேற எங்கயாவது அமுக்கிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அந்த மெத்தையைப் பிடுங்கிக் காவேரியில் வீசலாம் போல இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் குணசீலம் தாண்டும்வரை மேடம் தன் போனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் சும்மா இருப்பேனா? "மேடம், உங்க ஓடிபி எல்லாம் யாரு போனுக்கு வருது?" என்றேன்.

"வாயை மூடிட்டு வாப்பா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில் லாகின் பக்கம் வெளியாகியிருந்தது. எப்படி நுழைவது என்று வரிசையாக எழுதி, நடுவில் இப்படி ஒரு பத்தி:

"உள்ளே நுழைய ஒரு எண் வரும். அது எந்தப் போனுக்கு வருகிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் போனை வைத்திருப்பவர்தான் இந்த வெப்சைட்டின் சொந்தக்காரர், எழுதுவது நீங்களாக இருந்தாலும் சரி. அவர் நினைத்தால் உங்களை வெளியே நிறுத்தலாம். அப்படி நிறுத்திவிட்டால், நீங்கள் எழுதியதை உங்களிடம் திருப்பிக் கொடுக்க இப்போது எங்களிடம் வழி இல்லை."

உதவிப் பக்கத்தை யாருமே படிக்க மாட்டார்கள் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். படித்தார்கள். ஒருத்தர் படித்து இன்னொருத்தருக்கு அனுப்பினார். போன் நிற்கவே இல்லை. ஆரி ஒர்க் அம்மா, டியூஷன் டீச்சர், பேர் தெரியாத எத்தனையோ பேர். "தம்பி, அவர் நம்பரை எடுத்துட்டு எம் நம்பரைப் போடணும். எங்க அமுக்கணும்?" எங்கேயும் அமுக்க முடியாது. ரியாஸ் அப்படி ஒன்றைச் செய்யவே இல்லை. அதை எல்லாரிடமும் சொல்லி, எல்லாரிடமும் திட்டு வாங்கியது யார்? நான்.

ஓனர் கொதித்துக்கொண்டு வந்தார். "என்னம்மா இது? நம்ம கடை அரிசியில பூச்சி இருக்குன்னு நாமளே போர்டு வைப்போமா? எடுங்க அதை."

"இதுல எந்த வரி சார் தப்பு? சொல்லுங்க, எடுத்துடறேன்."

"தப்புன்னு நான் சொல்லலையே..."

"அப்ப ரியாஸ் இதைப் பொய்யாக்கட்டும் சார். பொய்யான அன்னைக்கே எடுத்துடறேன்."

"நானே எடுக்கறேன்" என்று ஓனர் தன் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார். கம்பெனி ஓனர், அவருக்கு இல்லாத அதிகாரமா? பேர் போட்டார். பாஸ்வேர்டு போட்டார். எண் வரும் என்றது ஸ்கிரீன். ஓனர் தன் போனைப் பார்த்தார். வரவில்லை. சட்டைப் பையில் இருந்த இன்னொரு போனைப் பார்த்தார். வரவில்லை. பிறகு மெதுவாக அவருக்கு நினைவு வந்தது, முகத்திலேயே தெரிந்தது. அவருக்கு அக்கவுண்ட் தொடங்கிக் கொடுத்தது அவர் மகன். எண் மகன் போனுக்குத்தான் போகும். மகன் பரீட்சை ஹாலில்.

திரும்பிப் பார்க்கிறார். பக்கத்து நாற்காலியில் மேடம். மெத்தை போட்டாயிற்று. கை உள்ளே போயாயிற்று.

"இப்ப என்ன சார் அமுக்கணும்னு நினைக்கிறீங்க?"

கீழே மில்லில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டோம், ஓனர் மட்டும் தும்மினார். நான் ரியாஸைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என் வேலை போயிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, "டேய் ரியாஸ், அதை மாத்தித் தொலைடா" என்று கத்தினார் ஓனர்.

ரியாஸ் முனகிக்கொண்டே செய்தான். எந்தச் செய்தி எந்தப் போனிலிருந்து எழுதப்பட்டது என்பது எங்கள் சர்வரில் எப்போதும் இருந்ததுதான். இனிமேல் எழுதுகிறவர் தன் நம்பரில் தனி அக்கவுண்ட் தொடங்கலாம். அவர் போனிலிருந்து எழுதியதெல்லாம், நீக்கப்பட்டது உட்பட, அவர் பேருக்கு வந்துவிடும். அது ஓடிய அன்றைக்கே மேடம் அந்தப் பத்தியை எடுத்துவிட்டார், சொன்னபடி. கொஞ்ச நாளில், "எழுத வேண்டியது எல்லாம் எழுதியாச்சே" என்று ஓனரும் சொல்லிவிட்டார். "ஆமா சார்" என்றார் மேடம். கோபம், வருத்தம், ஒன்றும் இல்லை. தன் டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தார். அவ்வளவுதான்.

போகும்போது என்னிடம் அந்த மெத்தையைக் கொடுத்தார். "தொட்டியத்துக்கு நீ போயிட்டு வா. அவங்க உள்ள போறப்ப பக்கத்துல உக்காந்து பாரு. கை மட்டும் போதாது உனக்கு, வாயையும் சேர்த்து அடக்கிக்கோ."

"சரிங்க மேடம்" என்றேன்.

தொட்டியத்துக்கு யார் போவது? போன் எதற்கு இருக்கிறது? மறுநாளே அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க தம்பி. நானே பண்றேன்" என்று ஸ்பீக்கரில் போட்டார். கோழிச் சத்தம் கேட்டது. ஒரு பஸ் ஹாரன் கேட்டது. எனக்குச் சொல்லித் தர நாக்கு துறுதுறுத்தது.

"வந்துருச்சு தம்பி."

"யாரு போனுக்குக்கா?" என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"எம் போனுக்குத்தான். வேற யாரு போனுக்கு?"

நான் என் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீக்கப்பட்டிருந்த மண்டிச் செய்தி மேலே வந்து உட்கார்ந்தது. கீழே, சிங்கப்பூர்க்காரர் பேர் இருந்த இடத்தில், அந்த அக்காவின் பேர். "உள்ள வந்துட்டேன்" என்றார் ஸ்பீக்கரில், யாரிடமோ சொல்வது போல.

மெத்தை இப்போது என் நாற்காலியில் இருக்கிறது. முதுகுக்கு வைத்துக்கொள்கிறேன்.

ரியாஸ் இப்போது பெங்களூரில் இருக்கிறான். இதை எழுதி முடித்து, நீயும் இதில் வருகிறாய், படித்துவிட்டு நன்றாக இருக்கிறதா சொல் என்று அவனுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கிறான் படுபாவி:

"எல்லாம் சரி மாப்ள, அந்தக்கா உள்ள போனப்ப நீ பக்கத்துல உக்காந்து பார்த்தியா?"